மதி

முழங்காவிலில் பஸ் நின்றபோது மணி நாலரை.
கையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்,
கிழித்த வேட்டித் துண்டு, அரைமூடித் தேங்காய்.
எங்கே என்று கொண்டக்டர் கேட்கவில்லை.
கார்த்திகை இருபத்தேழில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

முன்பென்றால் எண்ணத் தேவையில்லை.
எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே வெள்ளை,
மழைக்குச் சுண்ணாம்பு மணக்கும்.
நாலாம் வரிசை, மரமுந்திரிகையிலிருந்து பதினோராவது.
கால் தானாய்ப் போய் நிற்கும்.

பிறகு யந்திரம் வந்து
வரிசைகளைக் குவியலாக்கியது.
குவியலில் நாயுண்ணி படர்ந்தது.
மரமுந்திரிகை மட்டும் தப்பிப் பங்குனிக்குப் பங்குனி பழுத்தது.
காவலுக்கு நின்ற தென்பகுதிப் பெடியள் தின்றிருப்பார்கள்.
தின்னட்டும். அவர்களுக்கும் பசிக்கும்.

மரத்திலிருந்து அடி வைக்கிறேன்.
அன்றைக்கு அது பத்தொன்பது வயசு அடி.
இப்போது முழங்காலுக்குள் செல் துண்டு ஒன்று கிடக்கிறது,
அடி குறுகிவிட்டது.
நாலைந்து கூட்டிப் போட்டு நின்ற இடத்தில்
ஏற்கனவே ஒருத்தி குந்தியிருக்கிறாள்.

மெழுகுதிரி இரண்டு. தகரக் கொம்பாஸ் பெட்டி ஒன்று.
நாச்சிக்குடா, பெயர் கொறற்றி என்றாள்.
'தண்ணித் தாங்கியில இருந்து எண்ணினனான்.'
'நான் மரத்தில இருந்து.'
தாங்கி நின்ற இடத்தில் நாலு கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தன.

என்ரை தம்பி தானாய்ப் போனவன்.
சைக்கிளை வேலியில் சாத்தி,
அம்மாவுக்குக் கடிதம், எனக்குப் பதினேழு ரூபா.
அவளின் பிள்ளையைக் கொண்டுபோனார்கள்,
ஓலெவலுக்கு மூன்று கிழமை இருக்க,
ரியூசன் முடிஞ்சு வாற வழியில்.
'உங்கடை ஆக்கள்' என்று வாயெடுத்தவள்
'எங்கடை ஆக்கள்தான்' என்று முடித்தாள்.
நான் போத்தல் மூடியைத் திருகினேன்.
திரும்பவும் பூட்டினேன்.

விதைத்தது என்று சொல்லப் பழக்கினார்கள்.
புதைத்தது என்று வாய் தவறினால் திருத்தினார்கள்.
நாங்கள் வயல் செய்கிற ஆட்கள்.
விதைத்தவன் ஏழாம் நாள் வரம்பில் நின்று பார்ப்பான்.
எனக்கு எத்தனையாவது நாள் என்று தெரியாது.

மண் ஈரம். கிளறக் கிளறக் கல் துண்டுகள்.
ஒரு 'லெப்'. ஒரு திகதியின் பாதி.
பிறகு தீப்பெட்டி அளவில் ஒன்று.
கறுப்பு எழுத்தில்
மதி.

'கலைமதி' என்றாள் மூச்சு விடாமல்.
'அவையள் வைச்ச பேர். நான் வைச்சது யூலியற்.'
'நிலாமதியன்' என்றேன்.
வீட்டில் சத்தியரூபன் என்று நான் சொல்லவில்லை.
மதியோடு கல் உடைந்திருக்கிறது.
அதற்கப்பால் ஒன்றுமில்லாமலும் இருந்திருக்கலாம்,
அதற்கப்பால் என் தம்பியும் இருந்திருக்கலாம்.

ஆறு ஐந்துக்கு மணி அடித்தது.
தூறல் அவளின் திரியை இரண்டு தரம் அணைத்தது.
என்ரை துணியிலிருந்து பற்றவைத்தாள்.
வெளியே மோட்டர்சைக்கிளில் சாய்ந்து ஒருவன்
எங்கள் முகங்களைப் படம் எடுத்தான்.
நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். எடுத்துக்கொண்டு போகட்டும்.

கல் என் கையில் இருந்தது.
பெருவிரலால் உடைந்த ஓரத்தைத் தடவினேன்.
'தி'க்கு அடுத்து ஒரு கீறு,
'ய'வின் முதற்கோடு மாதிரி.
மண்வெட்டி பட்ட கீறாயும் இருக்கலாம்.

'நான் கொண்டு போகட்டோ?' என்றாள்.
கொம்பாஸ் பெட்டி திறந்தே இருந்தது.
உள்ளே அடிமட்டம், கடித்த பென்சில்,
கல்லுக்கு அளவான ஓர் இடம்.
'கொண்டு போங்கோ.'

கடைசி பஸ் கரியாலை தாண்டும்போது
கொண்டக்டர் மிச்சக் காசு தந்தான்.
எவ்வளவென்று பார்க்கவில்லை.
பெருவிரல் மட்டும் இருட்டில்
நாணயத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.